ஒரு நிறுத்தம் தள்ளி

செப்டம்பர் 5, வெள்ளி

பள்ளி வேன் சண்டைக்குத் தம்பி ஒருவழியாக முடிவு கட்டிவிட்டான். எட்டு நிறுத்தங்கள், வட்டப் பாதை. எங்களுடையது முதல் நிறுத்தம் என்பதால் என் நாலு வயது மகள் தினமும் அரைத் தூக்கத்தில் ஏறுகிறாள். கடைசி வீட்டுக்காரர்கள் ஆற அமரக் கிளம்பி வருகிறார்கள். இனி வாராவாரம் வரிசை ஓர் இடம் சுழலும். முதல் நிறுத்தம் கடைசிக்குப் போகும், இரண்டாவது முதலுக்கு வரும். அதற்கென்று தம்பி எழுதிய செயலி வேன் போனில் காட்டுகிறபடி ஏற்றி இறக்க வேண்டியதுதான்.

ஒரு வருஷமாக வேலையில்லாமல் இருக்கிறவன். பிடித்துப்போனால் பள்ளியின் எல்லா வேன்களுக்கும் வாங்கிக்கொள்வார்களாம். அம்மா இப்போதே அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்! திங்கள் முதல் சுழற்சி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேனில் புதுப் பெண்ணும் அன்றுதான் சேர்கிறாள்.

செப்டம்பர் 8, திங்கள்

மகள் கிடைத்துவிட்டாள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று மதியம் வேன் ஓட்டுநர் போன் செய்தார். "பாப்பாவ மரக்கடை ஸ்டாப்ல எறக்கி விட்டுட்டாங்கம்மா. திரும்பி வந்து பார்த்தா ஆளக் காணோம்." மரக்கடை எங்களுக்கு அடுத்த நிறுத்தம். லாரிகள் போகும் சாலை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். இவர் அலுவலகத்திலிருந்து நேரே அங்கே வந்துவிட்டார். தம்பி எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து மடிக்கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் முடிந்ததைச் செய்கிறான் என்று நினைத்தேன்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தையல்கடையில் இருந்தாள். கடைக்காரர் பொத்தான் டப்பாவைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். அப்படியானால் சாலையைத் தனியாகக் கடந்திருக்கிறாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

பள்ளியில் அந்த வேன்பெண் அழுதாள். "போன்ல பாப்பா பேருதாங்க இருந்துச்சு. ஆள் வர வேண்டாம், தானா போயிடும்னும் போட்டிருந்துச்சு."

"நாலு வயசுப் புள்ள தானா போகுமா? உனக்கு மூளை இருக்கா?" வாய்க்கு வந்தபடி திட்டினேன். தம்பி எல்லார் முன்னாலும் திரையைத் திறந்து காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. அங்கேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நன்றாக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

மரக்கடை நிறுத்தத்துப் பெண் மூன்றாம் வகுப்பு. அவளை அழைத்துப்போக யாரும் வருவதில்லை, சாவி வைத்திருக்கிறாள். இன்று என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு இதுதான் என் ஸ்டாப்னு சொன்னேன் ஆன்ட்டி. உன் பேரு அடுத்த ஸ்டாப்லதான் இருக்குன்னு உட்கார வச்சுட்டாங்க. எல்லாருக்குமே ஒரு ஸ்டாப் தள்ளி இருந்துச்சாம்."

எல்லாருக்குமா? ஒருத்தி குழம்பினால் அங்கொன்று இங்கொன்றாகத்தானே தப்பாகும்?

ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான். ஒரு பத்தியை மட்டும் ஓர் இடம் நகர்த்தி, பக்கத்துப் பத்தியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நிறுத்தங்கள் சுழன்றிருக்கின்றன. "ஆள் வர வேண்டாம்" என்ற மரக்கடைக் குறிப்பும் கூடவே நகர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் போன வாரத்து இடத்திலேயே நின்றிருக்கின்றன. மரக்கடைக்கு நேரே என் மகள் பெயர், தானாகப் போவாள் என்ற குறிப்போடு.

அந்த வேன்பெண் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தம்பி மறுக்கவில்லை. "அன்னிக்கே சரி பண்ணிட்டேன்க்கா. இப்ப எதுக்குக் கிளறுற?"

அன்றைக்கே — எப்போது? நான் தெருத் தெருவா கத்திக்கிட்டு ஓடும்போதா? என் வீட்டு நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு, என் புள்ள கிடைச்சாளான்னுகூடத் தெரியாம, தப்பை அழிச்சுக்கிட்டு இருந்தானா?

"வர்ற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்னிக்கு முடிவு பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் வாயத் திறக்காத. உன் கால்ல விழறேன்."

இவரிடம் சொன்னேன். "உன் தம்பி, உன் முடிவு" என்றார். நழுவுவதில் கெட்டிக்காரர்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொன்னால் தம்பி போச்சு. சொல்லாவிட்டால் பிள்ளையைத் தொலைத்தவள் என்ற பேரோடு அந்த வேன்பெண்ணை எந்த வேனில் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

செப்டம்பர் 19, வெள்ளி

தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். நன்றாகவே விளக்கினான். இன்றைக்காவது அவன் வாயால் வந்துவிடாதா என்று காத்திருந்தேன். ஓர் அப்பா கேட்டார்: "அந்த மாதிரி மறுபடி நடக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"அது ஆள் பண்ண தப்பு சார். சிஸ்டம் கரெக்டாதான் இருந்துச்சு."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். நான் எழுந்துவிட்டேன். "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. போன்தான் தப்பா காட்டுச்சு. எழுதினவன் என் தம்பி. அவனுக்கும் தெரியும்." அவன் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அம்மா போனில், "கூடப் பொறந்தவனை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுட்டியே" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

சுழற்சி ரத்து. எங்கள் நிறுத்தமே மறுபடி முதல். வேன்பெண் திரும்ப வந்திருந்தாள். "மன்னிச்சுடும்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம் பெயரைக் கேட்டாள், வீட்டைக் காட்டச் சொன்னாள், அப்புறம்தான் தூக்கி ஏற்றினாள்.

அக்டோபர் 4, சனி

அம்மா பேசினாள். நாளைக்குப் பேத்தியோடு வரச் சொன்னாள்.

"அவன் இருப்பானா?"

"காலையில வந்துட்டுப் போயிடுவான். நீ சாயந்தரமா வா. அடுத்த வாரம் வேணா நீ காலையில வா, அவனைச் சாயந்தரம் வரச் சொல்றேன்."

சரிம்மா என்றேன்.