பிரேக் மிதிக்க ஆள் இல்லை

கோபக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்தின லண்டன் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டிஸ்க் பிரேக் மாட்டினேனே, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். பைப்பில் புகுந்த காற்று வெளியே போகமாட்டேன் என்கிறது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் அடியில் படுத்து, காற்று வெளியேற நட்டைத் திறந்து மூட வேண்டும். நீயென்றால் நான் சொல்லும்வரை அசையமாட்டாய். பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டியன் அண்ணன், மூடுவதற்குள் காலை எடுத்துவிடுகிறார். மறுபடியும் காற்று!

"எம்புட்டு நேரந்தாம்லே மிதிக்க? பேசாம பஸ்ல போயி பிள்ளையப் பாத்துட்டு வா" என்கிறார்.

வளைகாப்பு முடிந்து உன்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போன அன்று, "இந்தத் தகரம் எங்க மாப்ள ஓடப்போகுது?" என்று உன் அப்பா சிரித்தார். இனி இந்தக் காரில்தான் உங்கள் வாசலுக்கு வருவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். பாப்பா பிறந்து மூன்று வாரம். செல்போனில்தான் முகம் பார்த்திருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. காலையில் நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். உன் அப்பா சிரித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறேன்.

சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. இந்தக் கையில் பிள்ளையைத் தருவாயா?

உன் வீம்புக்காரன்