ஹால் கட்டினால் அனுப்புவோமா

வியாழன், இரவு.

சட்டமன்றத் தேர்தல் வருகிறதே, அதற்காக ஒரு பெண் இன்று எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளிக்கு என்ன செய்யணும் என்று வீடு வீடாகக் கேட்கிறாளாம். என் வீட்டுக்காரர் அவளை லேசில் விடவில்லை. ஹால், லேப், திடல் என்று அடுக்கினார்.

"உங்க பையன் அங்கதான் படிக்கிறானா அண்ணே?"

"இல்லம்மா, சீனப்பள்ளி."

அவள் சிரிக்கவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். "இதெல்லாம் வந்துட்டா பாப்பாவ அங்க போடுவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மைலோ கலக்கப் போய்விட்டேன்.

பாப்பாவை ஏதாவதொரு பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பதிய வேண்டிய நேரம். எங்களுக்கு உண்மையில் என்னதான் வேணும்? இப்போது அவரிடமே கேட்டேன். தூங்குவதுபோலக் கிடந்தவர் திரும்பிப் படுத்தார்.

"பக்கத்து வீட்டுல பிள்ளைய எங்க போடுவோம்னு சொன்னாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"