ஒரே ஒரு தரம் கூப்பிட்ட குரல்

பெங்களூர்

அன்புள்ள நைனாவுக்கு ஸ்வர்ணா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் என்றால் அக்கா பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் கடிதம்.

எங்கள் லேபில் மனநோயாளிகளின் தோலை எடுத்து மூளை செல்களாக வளர்க்கிறோம். ஒரு செல் சேதி அனுப்பினால் அடுத்தது மின்னும். நோயுள்ளவை சேதி வராமலே மின்னுகின்றன. யாரும் கூப்பிடாமலே குரல் கேட்டுப் பதில் சொன்ன அக்கா ஞாபகம் வந்துவிட்டது. "ஒரு தரம் கூப்ட்டா அது காத்து கருப்பு, ரெண்டாவது தரம் கூப்ட்டாதான் மனுசன்னு சொல்லிக்கினே இருந்தேனே, ஏன் பதில் குடுத்த?" என்று அவளை எத்தனை நாள் திட்டினீர்கள். அவள்மேல் தப்பில்லை நைனா. மந்திரித்த கயிறு அவள் கையில் இருக்கட்டும், திருப்பதி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வேடிக்கை. லேபில் நான் மட்டும்தான். பின்னாலிருந்து "ஸ்வர்ணா" என்று ஒரு குரல், ஒரே ஒரு தரம். நான் திரும்பவில்லை. சரியான தூக்கமில்லை, அவ்வளவுதான்.

புளிச்சக்கீரை ஊறுகாய் அனுப்புங்கள். அக்காவின் முதல் மருந்துச்சீட்டையும் அதோடு வையுங்கள். அப்போது அவளுக்கு என்ன வயது என்று பார்க்க வேண்டும்.

பஸ் வந்துவிட்டது. இனி போன் செய்தால் என் பெயரை இரண்டு தரம் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்
ஸ்வர்ணலதா