போர்த்தேங்காய் வருஷம்

1957 ஏப்ரல் 3, புதன்

பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது. திருகோணமலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சித்திரை லீவுக்குத் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறவில்லை. எங்கள் பாஸ்போர்ட் கொழும்பில் ஏதோ ஒரு மேஜையில் கிடக்கிறது. இங்கே தங்குவதற்கான பெர்மிட் மே 31-உடன் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், இந்த ஆசிரியர் இல்லாமல் கணிதப் பாடம் நடவாது என்று பள்ளி மானேஜர் சோமசேகரம் எழுதித் தர வேண்டும். நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊருக்கே திரும்பிவிடலாமே என்கிறார்கள். எந்த ஊர்? கல்லிடைக்குறிச்சி வீட்டைத் தம்பி தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயதில் எந்தப் பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொள்ளும்?

சோமசேகரத்திடம் நானாகப் போய்க் கேட்க மாட்டேன். உதவித் தலைமையாசிரியர் பதவி உமக்குத்தான் என்று சொல்லிவிட்டு, என்னிடம் படித்த இராஜநாயகத்துக்குக் கொடுத்தவர். பக்கத்து வீட்டு இராசதுரைக்கு அவர் பெரியப்பா முறை. "பெரியப்பாவிட்டை நான் கதைக்கிறன் மாஸ்டர். நீங்கள் யோசியாதேங்கோ" என்று இராசதுரை சொல்லியிருக்கிறான். டாக்யார்டில் கிரேன் ஓட்டுகிறவன் சிபாரிசில் ஒரு எம்.ஏ. – சரி, போகட்டும்.

ஏப்ரல் 5

இராசதுரை வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வேலிக்கு மேலாக ஒரு சாக்கை நீட்டினான். "இது உங்கட வீட்டில இருக்கட்டும் மாஸ்டர். பிறகு வந்து கதைக்கிறன்."

உள்ளே இரண்டு தேங்காய். உரித்தவை. சின்னவை, கறுத்தவை, ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம்கூடச் சரியாக இல்லை. புது வருஷத்துக்கு எங்களுக்குத் தருமம் போலும். தோட்டத்தில் கழித்துப் போட்டதைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறான்.

"எல்லாத்தையும் எதுக்குக் குத்தமாவே பாக்கீக?" என்றாள் என் மனைவி கோமதி.

ஏப்ரல் 6

காலையில் ஒரு தேங்காயைப் பிள்ளையார் கோயிலுக்கு எடுத்துப்போனேன். பெர்மிட் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சிதறுகாய் போட்டேன். உடையவில்லை. கல்லில் பட்டு எழும்பி, பக்கத்துக் கற்பூரத் தட்டுவரை உருண்டு போனது. மறுபடி போட்டேன். மறுபடி. கோயிலில் ஆளில்லாதது நல்லதாயிற்று. ஐந்தாவது தடவை படிக்கட்டு விளிம்பில் அடித்தபோதுதான் பிளந்தது. ஓடு என் சுண்டுவிரல் தடிமன்.

பிள்ளையாருக்கே என் விண்ணப்பம் பிடிக்கவில்லையோ? படித்தவன் இப்படியெல்லாம் எழுதக் கூடாது.

ஏப்ரல் 10

மற்றத் தேங்காயைக் கோமதி சட்னிக்கு உடைத்தாள். அரிவாளின் வாய் மடங்கிவிட்டது.

இராசதுரையின் மைத்துனன் சின்னராசா சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வந்து ஒரு சீப்புக் கதலிப்பழம் வைத்துவிட்டுப் போனான். அக்கா கனகம்மா வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் எங்களுக்கும் ஏதாவது கொண்டுவருவான். பின்பக்கத் தாழ்வாரம்வரை தாராளமாக நடந்து வருகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஏப்ரல் 13

மாலையில் இராசதுரை வந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரிப்பு. "எங்கை மாஸ்டர் என்ர ரெண்டு சிங்கங்களும்?"

எனக்கு விளங்கவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. இங்கே வருஷப் பிறப்பன்று போர்த்தேங்காய் அடிப்பார்களாம். ஒருவன் தன் தேங்காயைத் தரையில் வைக்க, மற்றவன் தன்னுடையதால் ஓங்கி அடிக்க வேண்டும். யாருடையது உடைகிறதோ அவன் தோற்றான். வைரம் பாய்ந்த ஓட்டுக்காகத் தோப்புத் தோப்பாக அலைவார்களாம். "நிலாவெளி, கிளிவெட்டி, சம்பூர் – ஆறு மாசம் திரிஞ்சு பிடிச்சனான். மூண்டு வருசமாச் சின்னராசாதான் வெல்லுறான். என்ர வீட்டில வைச்சால் பகிடிக்கெண்டாலும் மாத்திப்போடுவான். அதுதான் உங்களிட்டைத் தந்தனான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தெரியாமல் உடைத்துவிட்டோம் என்று இரண்டே சொல். மே 31 கண்முன்னால் நின்றது.

"தாழ்வாரத்தில்தான் வைத்திருந்தோம். காணவில்லை" என்றேன்.

"ஆரும் வந்தவையோ?"

"சின்னராசா வந்தார்."

அது உண்மைதான். அவன் வந்தது உண்மைதான்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

நம் பக்கத்தில் கனி பார்ப்போம், வேப்பம்பூப் பச்சடி வைப்போம், முடிந்தது. இங்கே கோயிலில் மூலிகைகளைக் காய்ச்சி மருத்துநீர் கொடுக்கிறார்கள். செம்பில் வாங்கி வந்து, தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, மூத்தவர் உச்சியில் தேய்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் குளியல், புது உடுப்பு.

விடிந்ததும் இராசதுரை செம்புடன் எங்கள் வேலிப் படலையில் நின்றான். "அப்பா போனபிறகு எங்களுக்கு வைக்க மூத்த ஆளில்லை. நீங்கள்தான் வைக்கவேணும் மாஸ்டர்."

வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு குழந்தைபோலக் குனிந்து நின்றான். கனகம்மா குனிந்தபோது விரல் வழியாக நீர் அவள் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. "பரவாயில்லை மாஸ்டர், நல்லதுதானே" என்றாள்.

பகலில் சின்னராசா மனைவி மகளோடு, பலகாரப் பெட்டியோடு வந்தான். வேலிக்கு அப்பால் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். இராசதுரை கடையில் வாங்கிய தேங்காய்களால் அடித்தான். ஒவ்வொன்றாக உடைந்தது. "கிரேனில கட்டி இறக்கினாலும் உடையும் போல கிடக்கு!" என்று யாரோ கத்தினார். சின்னராசாவும் சிரித்தான். "அத்தான், சம்பலுக்கு இவ்வளவு தேங்காயும் காணும். அக்காட்டைக் குடுங்கோ."

அந்தச் சிரிப்பைத்தான் இராசதுரையால் தாங்க முடியாமல் போனது. "களவெடுத்த தேங்காயாலை வெண்டுபோட்டுப் பல்லைக் காட்டுறியோ? மாஸ்டர் வீட்டிலை நீ பூந்தது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"அக்காவாணை நான் எடுக்கேல்லை."

"என்ர பெண்சாதியிலை சத்தியம் பண்ணாதை. இனி இந்தப் படலையைத் தாண்டாதை!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. சின்னராசா பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து நடந்தான். கனகம்மா தெருமுனைவரை பின்னால் ஓடினாள். தாய் இறந்தபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்று கோமதி முன்பு சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 15

பக்கத்து வீட்டில் அடுப்புப் புகையே இல்லை.

ஏப்ரல் 19

கோமதி கனகம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சட்னி அரைச்சவ நானு. நீங்க என்னன்னா அந்தப் பையன் பேரைச் சொல்லியிருக்கீக."

"அவன் பேரை மட்டும்தான் சொன்னேன். திருடினான்னு சொல்லலையே."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைக இப்படிப் பதில் சொன்னா விடுவீகளா?"

சோமசேகரத்தின் கடிதம் கைக்கு வரட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் பாய் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் படுக்கப் போய்விட்டாள்.

இந்த ஊருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? ஒன்பது வருஷம் உழைத்தேன். "இந்தியன் மாஸ்டர்" – அதுதானே இன்றைக்கும் என் பெயர்? அவர்கள் குடும்பச் சண்டைக்காக நான் ஏன் கப்பல் ஏற வேண்டும்? ஒரு தேங்காய்க்காக!

தேங்காய்க்காக இல்லை. அது தெரிகிறது.

ஏப்ரல் 24

இராசதுரை வந்தான். முகச்சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். "பெரியப்பா ஓமெண்டுட்டார். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பார். நான் பக்கத்திலை நிண்டு வாங்கிவாறன்."

சந்தோஷப்பட்டேன். முழுசாக ஒரு நிமிஷம்.

போகும்போது சொன்னான்: "கனகம்மாதான் ஒண்டும் தின்னுறாள் இல்லை. தம்பிக்கு ஆள் விட்டுப் பாத்தவள். எனக்கு அக்கா இல்லையெண்டு சொல்லுங்கோ எண்டிட்டானாம்."

இன்னும் இரண்டு நாள். இரண்டே நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கையெழுத்தான பிறகு சொல்லலாம். சொல்வேனா? என்னை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 25

சொல்லிவிட்டேன்.

கனகம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடாமல், கதிரை நுனியில் உட்கார்ந்து, கோயிலில் ஒன்று, சட்னிக்கு ஒன்று என்று சொன்னேன். இராசதுரை முதலில் சிரித்தான். "சட்னிக்கோ? என்ர கிளிவெட்டித் தேங்காயை?" சிரித்தபடியே நின்றவன் முகம் மெல்ல மாறியது.

"அது தெரியாமச் செய்தது. அதை விடுங்கோ. அவன்ர பேரை ஏன் சொன்னனீங்கள்?"

பெர்மிட் என்றேன்.

"நாப்பது சனத்துக்கு முன்னாலை அவனைக் கள்ளனெண்டனான். நீங்களும் நிண்டனீங்கள். காலமை உங்கட கையாலை எனக்கு மருத்துநீர் வைச்சனீங்கள்." வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். "பெரியப்பாவிட்டை நான் இனிப் போக ஏலாது. உங்களுக்கு வேணுமெண்டால் நீங்களே போய்க் கதையுங்கோ."

கனகம்மா ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாகச் செருப்புப் போடாமல் சாம்பல்தீவு பஸ்ஸுக்கு ஓடுவது தெரிந்தது.

மே 21

நானே போனேன். சோமசேகரம் வாசலில் அரை மணி நிற்க வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணிதப் பட்டதாரி விண்ணப்பித்திருக்கிறாராம். "முந்தியே நீங்கள் வந்திருந்தால் யோசிச்சிருக்கலாம். நீங்கள் ஒருநாளும் என்னைத் தேடி வரேல்லையே."

அதுவும் உண்மைதான்.

ஜூன் 3

பள்ளித் தவணை முடியும்வரை, ஜூலை 31 வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு இல்லை. இங்கிலீஷ்காரக் கப்பற்படையும் இந்த வருஷம் துறைமுகத்தை விட்டுப் போகிறது. அதற்கு ஊரெல்லாம் பேச்சு.

சொன்னதற்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். தினமும் வருத்தப்படுகிறேன்.

ஜூலை 27

பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. முப்பதாம் தேதி ரயில். தம்பிக்கு எழுதியதற்கு, பின்கட்டு அறையை ஒழித்து வைப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் படலை திறந்தது. சின்னராசா, அவன் மனைவி, மகள். சித்திரைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறான். கனகம்மா எத்தனை தடவை போய்க் கூப்பிட்டிருப்பாள்!

"என்னடா தம்பி, இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"நீ சமைச்சுப் போடேல்லை, அதுதான்."

பிறகு இராசதுரையின் குரல், வழக்கத்தைவிடச் சத்தமாக: "மச்சான், வெளியிலை நில்லாதை. வா உள்ளுக்கு."

"அலுமாரியைப் பூட்டிப்போட்டுக் கூப்பிடுங்கோ அத்தான்."

யாரோ சிரித்தார்கள். கனகம்மா அழுதாள் என்று நினைக்கிறேன். கோமதி காலையிலிருந்தே அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று முதலில் நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, கதிரையில் உட்கார்ந்தேன். இலை போடுகிற சத்தம் கேட்டது. சின்னராசாவின் மகள் பாயசம் இன்னும் வேண்டும் என்றாள். அவர்கள் கிணற்றடியில் கை கழுவி முடித்த பிறகு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.