செண்பகத்தோப்பில் கறிக்குழம்பு

சிவகாசி,
நவம்பர் 1958

அன்புள்ள மகளுக்கு,

தீபாவளிப் பட்டாசு லோடெல்லாம் போய்ச் சேர்ந்து கம்பெனிக்கு விடுமுறை விட்டதும், குடும்பத்தோடு இருபத்தாறு பேர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குச் சமைத்துச் சாப்பிடப் போனோம். நிறைமாதத்தில் நீ வர முடியாததால் உன் கணவரை அனுப்பியிருந்தாய். கலியாணத்திலிருந்து நான் அவரிடம் பேசாதது உனக்குத் தெரியும்.

கான்வென்ட்டில் படித்த பழக்கம், எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத்தான் எடுத்துப்போனேன். மாலையில் கறியைக் கழுவி விறகை அடுக்கிய பிறகுதான் தீப்பெட்டி இல்லை என்று தெரிந்தது. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் எவரும் சட்டைப்பையில் தீப்பெட்டி வைப்பதில்லை.

“ஊருக்கெல்லாம் வெடி விக்கோம், ஒரு தீக்குச்சிக்கு வழியில்லையே!” என்று உன் அண்ணன் சிரித்தான். பிள்ளைகள் பசியில் அழுதார்கள்.

பீடி குடிக்கிறவர் என்றுதானே உன் கணவரை வேண்டாம் என்றேன்? அவர் முன்னால் போய் நின்றேன்.

“மாப்பிள்ளை, தீப்பெட்டி இருக்கா?”

“இருக்கு அத்தை. நீங்களே கேப்பீகன்னுதான் காத்திருந்தேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிட்டவர்கள் எல்லோரும் குழம்பு அருமை என்றார்கள். அவர் மட்டும், “உப்பு கொஞ்சம் கூடிருச்சு அத்தை,” என்று சொல்லி மறுசோறு கேட்டார். உண்மையில் கூடித்தான் இருந்தது. உன் அப்பாவுக்குப் பிறகு என்னிடம் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன். பிரசவம் இங்கேதான். அவரையும் கூட்டி வா.

உன் அம்மா