பன்னிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை

ஜனவரி 9

காப்பிக் கொட்டையின் ஈரம் அளக்கும் மீட்டர் வந்துவிட்டது. விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னது எவேலியோ, என் கணவர் அர்செனியோவின் அண்ணன். "நொயெமி அளக்கட்டும். நம்ம வீட்டுப் பொண்ணு!" எல்லோரும் கை தட்டினார்கள்.

பன்னிரண்டு சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் மூட்டை கிடங்குக்குள் போகக் கூடாது. போன அறுவடையில் பூசணம் பிடித்த காப்பி கப்பலிலேயே திரும்பி வந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் எங்கள் ஊர் மார்கலா பக்கமே வரமாட்டேன் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார்.

ஜனவரி 10

காலை முழுக்க மல்லுக்கட்டு. சொதசொதவென்று இருக்கும் கொட்டைக்கும் எட்டு காட்டுகிறது! அழுகையே வந்தது. அப்புறம் பார்த்தால், மீட்டர் மக்காச்சோளத்தில் நிற்கிறது. காப்பிக்கு மாற்றினேன். சங்கம் அளந்து கொடுத்த சோதனைக் கொட்டையின் ஈரம் 11.5, மீட்டர் 11.4 என்றது. போதும்.

வெயில் சூட்டோடு போட்டாலும் பொய் சொல்கிறது. நிழலில் ஆறவிடணும். கிண்ணத்தை நிரப்பி, மேலே வழித்து, மூடி, மூன்று முறை அளந்து, சராசரியை எழுதணும்.

ஜனவரி 17

இன்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நிம்மதி.

ஜனவரி 23

மூன்று நாளாக மழை. எவேலியோ மச்சான் மூட்டைகளோடு வந்தார். 14.1. 13.9. 14.2.

"மச்சான், காயல."

"மழை பெய்யுது, நான் என்ன பண்ண? நாளைக்கு லாரி கெளம்புது. பன்னெண்டுன்னு எழுதிடு."

"முடியாது மச்சான்."

"அடேயப்பா! கையில ஒரு பெட்டி வந்ததும் மகாராணி ஆயிட்டா!" வரிசையே சிரித்தது. "உம் பேரச் சொன்னதே நான்தாண்டி!"

 14.1 என்றுதான் எழுதி, மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 24

அர்செனியோ தட்டிலிருந்த பீன்ஸைத் தொடாமல் எழுந்துபோனார். "அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நான் மட்டும் எப்படி முழிப்பேன்?  ஒரு ஈர மூட்டை பக்கத்து மூட்டைகளையும் கெடுக்காதா? வீட்டுக்கு ஒரு அளவு, ஊருக்கு ஒரு அளவா — என்னால் ஆகாது. வேண்டுமானால் வேறு ஆளைப் போடட்டும்.

ஜனவரி 26

வெயில். அர்செனியோ விடியும்போதே அண்ணன் களத்துக்குப் போய்க் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொல்லவில்லை. சாப்பாடு கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 29

மச்சான் மறுபடி வந்தார். என்னைப் பார்க்காமல் மூட்டையை அவிழ்த்தார். 12.6.

 அரைப் புள்ளிதானே... இல்லை.

"இன்னும் ஒரு வெயில் வேணும் மச்சான்."

 எல்லா மூட்டையையும் தானே திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 31

11.7. மச்சான் மூட்டைகள் கிடங்குக்குள் போயின. அவர் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 12

இன்று கிடங்கில் நல்ல கூட்டம். சங்கத் தலைவரின் மருமகன் ரிகோபெர்த்தோவின் கொட்டை 12.8. "கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்று குழைந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து எவேலியோ மச்சான் குரல்:

"டேய், எம் மூட்டையவே ரெண்டு தடவ திருப்பி அனுப்பினவ அவ. உன்னுத விட்டுருவாளா? தூக்குடா, வழிய விடு!"