ட்ரெயிலரைக் கழற்றி வை

திருகோணமலை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் டினேஷ்,

உன் இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் சுகத்தில் குறையில்லை, மாதா உன்னையும் அப்படியே வைத்திருக்கட்டும். தங்கச்சி தினுஷா சோதனை எழுதி முடித்துவிட்டாள், அம்மாவுக்கு முழங்கால் மழைக்கு மட்டும் நோகிறது. போனில் என்றால் நீ குறுக்கே கதைப்பாய், நான் கத்துவேன், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். படகோடு ட்ரெயிலர் வாங்கி உன் காரில் கொளுவிவிட்டாய், நாளைக்கு இழுக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். இழுக்காதே. உன் காரில் இருப்பது சீ.வீ.ரீ. கியர்பொக்ஸ். உள்ளே இரண்டு கப்பிகளை ஓர் இரும்புப் பட்டிதான் சுற்றுகிறது, பாரத்தில் சூடேறினால் அது வழுக்கும். எவ்வளவு இழுக்கலாம் என்று காரின் புத்தகத்தில் எழுதியிருக்கும், எழுதாவிட்டால் இழுக்கவே கூடாது. எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான், கிழவன் மாதிரிப் புத்தி சொல்ல வரவில்லை. செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

உன் ஞானத்தகப்பன் பேணாட் எப்படிச் செத்தான் என்று உனக்குச் சொன்னது பொய். புல்மோட்டையில் வாங்கிய படகை அவனுடைய சீ.வீ.ரீ. காரில் இழுத்துவந்தோம், காரை ஓடினது நான். கொக்கி பூட்டிக் கொடுத்ததும் நான்தான், கூடாதென்று தெரிந்தே பூட்டினேன். சல்லி ஊருக்குள், அவன் வீட்டு ஏற்றத்துக்கு வரும்போது சூட்டு விளக்கு எரிந்தது. மச்சான், அரை மணித்தியாலம் ஆறவிடுவம் என்றான். என்ர கராஜில் ஆள் பார்த்துக்கொண்டு நிக்குது, எனக்கு நீ கியர் படிப்பிக்கிறியோ என்றேன். சிரித்துக்கொண்டு, சரி, படிச்ச மனுசன் ஏத்தும் பாப்பம் என்று, ட்ரெயிலர் சில்லுக்கு அண்டை வைக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, கார் போகவில்லை. பட்டி வழுக்குகிறது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்தும் இன்னும் மிதித்தேன். கார் பின்னுக்கு வந்தது. பிரேக்குக்குக் காலை மாற்றினதும் அப்படியே நின்றது, அதற்குள் அவன் படகுக்கும் மதிலுக்கும் நடுவில்.

ஓடிவந்தவர்களில் யாரோ பிரேக் விட்டுட்டுது என்றார்கள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். இப்போது கராஜுக்கு எந்த சீ.வீ.ரீ. கார் வந்தாலும் நான் ஓடிப்பார்ப்பதில்லை. எஞ்சின் மட்டும் ஏறி, கார் நகராத அந்தச் சத்தம் பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் கேட்கிறது, அதற்குப் பின்னால் அவனுடைய சிரிப்பு. திரும்பிப் பார்க்க ஏலாது.

போன ஞாயிறு கோயில் வாசலில் பேணாட்டின் மனைவி மாகிரட் மச்சாளைக் கண்டேன். பிரேக்கைக் காட்டச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான், அந்த மனுசன் கேக்கேல்லை, தன்ர உயிரைத் தானே குடுத்திட்டு எங்களை விட்டுட்டுப் போயிட்டார் என்றாள். கல்லறைக்குப் போவதையும் விட்டுவிட்டாளாம், கோபமாம். பேணாட் செய்யாத பிழைக்கு அவனோடு கோபம். நான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உனக்கு எழுதிவிட்டேன், இனி அவளுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. அம்மாவுக்கு இன்றிரவு சொல்வேன், நாளைக் காலை சல்லிக்குப் போகிறேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், கோபம் சரியான ஆளிடம் வரட்டும்.

ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாராக. ட்ரெயிலரைக் கழற்றிவைத்துப் படம் அனுப்பு, அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து இறங்குவேன்.

உன் அப்பா,
மெல்ரோய்